வெள்ளைச் சேலையில் ஒரு வெள்ளிக்கிழமை

நான் கடல் தாண்டிப் போகவில்லை. தங்கவயலிலிருந்து தாம்பரம் வரைக்கும்தான் போய் வந்தேன். ஆனால் எங்கள் ஊரில் மழை பெய்தால் சால்வை போர்த்திக்கொண்டு உட்காருவோம். அங்கே மழையிலும் வியர்க்கிறது. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுரங்கத்து மண்மேடு தெரியும். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மேம்பாலம். பேசுகிற தமிழும் வேறு. மகளின் மாமியார் வேகமாகப் பேசினால் எனக்குப் பாதி அப்புறம்தான் விளங்கும். அதனால் வெளிதேசம் போய் வந்ததாகவே வைத்துக்கொள்கிறேன்.

போனது ஒரு புண்ணிய வேலைக்கு. பிக்குகள் மழைக்காலத்தில் ஊர் சுற்றாமல் மூன்று மாதம் ஒரே இடத்தில் தங்குவார்கள். அது முடிந்ததும் குடும்பஸ்தர்கள் நாங்கள் கூடி, அவர்களுக்குச் சீவரம், அதாவது உடுத்திக்கொள்ளும் காவித்துணி, தானம் கொடுப்போம். எங்கள் ஊரில் என் மாமனார் காலத்திலிருந்து நடக்கிறது. தாம்பரம் பக்கம் இருக்கிற எங்களைப் போன்ற பௌத்தர்கள் இத்தனை நாள் இதற்காகப் பட்டணத்துக்குள் போய் வந்தார்கள். இந்த வருஷம்தான் அனகாபுத்தூரில் ஒரு நெசவுக்காரர் வீட்டு மாடியில் ஒரு பந்தேயைத் தங்கவைத்துத் தாங்களே நடத்துகிறார்கள். பந்தே என்பது பிக்குவை நாங்கள் மரியாதையாகக் கூப்பிடும் சொல். வெள்ளிக்கிழமை, பௌர்ணமியன்று அவருக்குக் கொடுக்கும் சீவரத்தை வெட்டித் தைத்தது என் மகள் மலர்.

"நான் அதை எடுத்துக் குடுக்கறப்ப நீ பக்கத்துல உட்காரணும்மா" என்று போனில் கேட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து 'புத்தம் சரணம் கச்சாமி' என்று திரிசரணம் சொன்னதே இல்லை. போகாமல் இருப்பேனா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிக்குகளின் மழைக்காலம் முடிந்த பிறகுதான் தாம்பரத்துக்கு மழைக்காலம் ஆரம்பிக்கிறது. நான் போய் இறங்கிய புதன்கிழமை வானம் கிழிந்து ஊற்றியது. மலர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டியிலிருந்து வர முடியவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினேன். சுரங்கப்பாதையில் தண்ணீர். நட்டநடுவில் ஆட்டோ இருமி நின்றுவிட்டது. தண்ணீர் உள்ளே ஏறி என் பை நனைந்தது. பையில் வெள்ளைச் சேலை இருந்தது. அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். டிரைவர் பையன் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா பெரிம்மா, நகையா? நல்லா புட்ச்சிக்க. கால மேல தூக்கிக்க, மீனு கட்ச்சிடப் போவுது."

உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் இறங்கி, முழங்கால் தண்ணீரில் தள்ளினார்கள். இறங்கித் தள்ளினவர்களிடமும் அவன் முழுக் கட்டணம் வாங்கினான். அவர்களும் எடுத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் இதற்கு ஒரு பஞ்சாயத்தே நடந்திருக்கும்.

மகள் வீடு திருநீர்மலை அடிவாரத்தில். அவள் மாமியார் ரங்கநாயகி அம்மா அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். ஏரித் தண்ணீர் பாய்ந்த அவர்கள் நிலத்தில் இப்போது வாடகை வீடுகள் நிற்கின்றன. சனிக்கிழமை தவறாமல் மலையேறிப் பெருமாளைச் சேவிப்பார். மலரும் குமாரும் ஒருவரையொருவர் விரும்பியபோது, பெண் எந்த ஊர், எந்தத் தெரு என்று சொந்தக்காரர்கள் துருவித் துருவிக் கேட்டார்களாம். "என் புள்ள கேக்கல, நீ யார்ரா கேக்கறதுக்கு?" என்று வாயை அடைத்தவர் இந்த அம்மாதான். அதனால் அவர் மேல் எனக்கு எப்போதும் மதிப்பு. கொஞ்சம் பயமும் உண்டு.

அன்று என்னை வாசலிலேயே மேலும் கீழும் பார்த்தார். நான் பச்சைச் சேலையில் இருந்தேன். தலையில் கனகாம்பரம். என் வீட்டுக்காரர் போய் ஐந்து வருஷம் ஆகிறது. எங்கள் வழக்கத்தில் புருஷன் போனால் பூவும் நிறமும் போவதில்லை. வெள்ளை என்பது பௌர்ணமி போல விகாரைக்குப் போகும் நல்ல நாளில் உடுத்துவது. அன்றைக்கு எல்லாரும் ஒரே நிறம். யார் பெரியவர், யார் சின்னவர், யார் புருஷன் இருப்பவள், யார் இல்லாதவள் என்று துணியை வைத்துச் சொல்ல முடியாது.

"வாங்க சம்பந்தி" என்றார். "நீங்க கலர்ல வந்துகீறீங்க. உங்க பொண்ணு வெள்ளைப் பொடவை கட்டிக்கினு போவப் போறேன்றா. உங்கூர்ல எல்லாமே தலைகீழா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கண் சிரிக்கவில்லை. கையில் போன் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எனக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். நல்ல குழம்பு. எங்கள் ஊராக இருந்தால் இதற்கு ஒரு களி உருண்டை இல்லாமல் உட்கார மாட்டோம். சோற்றில் அந்தக் குழம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது.

விஷயம் என்னவென்றால் குமார் போன் வரவில்லை. மருமகன் குவைத்தில் ஏசி மெக்கானிக். தினம் விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் சேர்த்து வீடியோவில் பேசிவிடுவார். செவ்வாய்க்கிழமை பேசவில்லை. புதனும் பேசவில்லை.

"ஒரு டிக்குதான் நிக்குது" என்று மாமியார் மலரிடம் காட்டினார். "ரெண்டாவது டிக்கு வுழவே இல்ல."

"நெட்வொர்க் இருக்காது அத்தை. வந்துரும்" என்றாள் மலர். ஆனால் கை கழுவப் போகும்போதும் போனை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வியாழன். டியூட்டி முடிந்து வந்த மலரோடு மேற்குத் தாம்பரம் கடைத்தெருவுக்குப் போனேன். பிக்குவுக்குச் சொந்தமாக எட்டுப் பொருள்தான் இருக்கலாம். அவற்றையும் சேர்த்தே தானம் கொடுப்போம். மூன்று சீவரங்களும் இடுப்புக் கச்சையும் பிச்சைப் பாத்திரமும் தயாராக இருந்தன. சவரக்கத்தி, ஊசி, தண்ணீர் வடிகட்டி பாக்கி. பாத்திரக் கடைக்காரர் டீ வடிகட்டியை எடுத்து வைத்தார்.

"இது இல்லண்ணா. தண்ணி வடிகட்டறது. தண்ணில இருக்கிற சின்ன உயிர்கூடச் சாகக் கூடாது, அதுக்கு" என்றாள் மலர்.

"இந்தூர் தண்ணில கீற உயிரா? அதுங்கதாம்மா நம்மள சாவடிக்குது" என்றவர், உள்ளே போய்த் தேடி மெல்லிய துணி போட்ட ஒன்றைக் கொண்டுவந்தார்.

அடுத்த கடையில் கத்தி கொடுத்தார்கள். ஊசி என்றதும் கடைக்காரர் வாசலைப் பார்த்தார். தெருவில் விளக்கெல்லாம் எரிய ஆரம்பித்திருந்தது.

"விளக்கு வெச்சாச்சும்மா. இப்ப ஊசி குடுக்கறதில்ல."

"காலையில வரட்டுமா?"

"காலைல வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை சுத்தமா குடுக்க மாட்டோம்."

"கத்தி மட்டும் குடுத்தீங்களே அண்ணா?"

"கத்தி வேறம்மா" என்றார், அதற்குமேல் விளக்கம் இல்லாமல். மலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான். தையல் மெஷின் பெட்டியில் புது ஊசி இருக்கிறது, அதையே வைத்துவிடலாம் என்று திரும்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ரங்கநாயகி அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். குமாரோடு வேலை செய்யும் பையனின் வீட்டுக்கும் கேட்டிருக்கிறார். அவன் போனும் போகவில்லையாம்.

"இத பாரு மலரு" என்றார். "உங்க சாமிய நான் கொற சொல்லல. போ, கும்புடு. ஆனா என் புள்ள போன் வர்ற வரிக்கும் இந்த வூட்ல இருந்து நீ வெள்ளை கட்டிக்கினு எறங்கக் கூடாது. வந்துட்சின்னா எந்தக் கலர்ல வேணா போ."

"எல்லாரும் வெள்ளைலதான் வருவாங்க அத்தை. சீவரம் குடுக்கப் போறதே நான்தான்."

"குடு. மஞ்ச கட்டிக்கினு குடு."

மலர் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வது? கலர்ச் சேலை கட்டினால் பாவம் ஒன்றும் வந்துவிடாது. ஆனால் அது என் மகள் அந்த வீட்டில் கேட்ட ஒரே ஒரு விஷயம். மலையேறச் சொன்னால் ஏறுகிறாள், புரட்டாசிச் சனிக்கிழமைக்குத் தளிகை போடுகிறாள். வருஷத்தில் ஒரு நாள் தன்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தாள். "போன் வந்துரும் சம்பந்தியம்மா" என்று மட்டும் சொன்னேன். அந்த மூன்று சொல்லுக்குள் நானே பதுங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் போன் வரவில்லை. நான் என் வெள்ளையைக் கட்டிக்கொண்டு கூடத்தில் நின்றேன். மலர் அறைக்குள் வெகுநேரம் இருந்தாள். கதவைத் திறந்து வெளியே வந்தபோது வெள்ளைச் சேலையில் இருந்தாள். நெற்றியில் குங்குமம், தலையில் மல்லி, கழுத்தில் தாலி, கையில் மடித்த சீவரம். எனக்கு அவள் அழகாகத் தெரிந்தாள். ரங்கநாயகி அம்மா பார்த்தார். அடுப்பை அணைத்தார், கதவைப் பூட்டினார், சாவியை இடுப்பில் செருகினார்.

"நானும் வரேன்" என்றார்.

அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கலக்கம் வந்திருக்காது.

வேன் வந்தது. இதை ஏற்பாடு செய்தவர் தேவராஜ் அண்ணன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்தப் பக்கத்துக் கூட்டத்துக்கு எல்லாம் அவர்தான். பெருங்களத்தூரிலும் தாம்பரத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே இருந்த எல்லோரும் வெள்ளை, மடியில் இருந்த குழந்தைகள் உட்பட. ஓட்டி வந்த பாயும் வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி.

"பன்னண்டுக்கு முன்னாடி உங்கள எறக்கிட்டு நான் ஜும்மாக்கு ஓடணும் சார்" என்றார் பாய்.

"எங்களுக்கும் அதே கணக்குதான் பாய். உச்சி தாண்டிச்சுன்னா பந்தே சாப்பிட மாட்டாரு" என்றார் தேவராஜ் அண்ணன். பிக்குகளுக்கு மதியத்துக்குப் பிறகு ஆகாரம் கிடையாது. நேரம் தவறினால் நாங்கள் சமைத்துக் கொண்டுபோகும் சோறும் பாயசமும் வீண், அவரும் மறுநாள் காலைவரை பட்டினி.

மழையில் தலையைக் குனிந்துகொண்டு ஓடி ஏறினோம். வண்டியின் முன்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை.

பம்மல் பக்கம் வழக்கமாக வண்டி நகராது என்று பயந்துகொண்டிருந்தோம். என்ன ஆச்சரியம், எங்களுக்கு வழி விட்டார்கள். பைக்கில் வந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஒரு தண்ணீர் லாரி பின்னுக்குப் போய் இடம் கொடுத்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் மற்ற வண்டிகளை நிறுத்திவிட்டு எங்களைப் போகச் சொல்லிக் கை காட்டினார். ஓரத்தில் நின்ற ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"பாத்தீங்களா!" என்று தேவராஜ் அண்ணன் பூரித்துப் போனார். "பௌர்ணமின்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நம்ம தம்மத்துக்கு என்ன மரியாதை பாருங்க."

இரண்டு பெண்கள் பதிலுக்குப் பெரியவரைக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். ரங்கநாயகி அம்மா மட்டும் போனைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

அனகாபுத்தூர் நெருங்கியபோது பூ வாங்க நிறுத்தினோம். பூக்காரம்மா குடையோடு எழுந்து வந்து ஜன்னல் வழியாக எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"பாடி முன்னால போயிட்ச்சாம்மா?"

பெரியவரைக் கும்பிட்ட பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் இறங்கியது ரங்கநாயகி அம்மாதான். மழையில் முன்பக்கம் போய் நின்றார். நானும் பின்னாலேயே இறங்கினேன். கண்ணாடிக்குக் கீழே பெரிய சாவு மாலை இரண்டு கட்டியிருந்தது. இரண்டு பக்கத்துக் கண்ணாடியிலும் கறுப்புத் துணி நனைந்து தொங்கியது.

"இன்னா பாய் இது?" என்று தேவராஜ் அண்ணன் அலறினார்.

"நீங்கதான சார் சொன்னீங்க! போன்ல இன்னா சொன்னீங்க? 'வெள்ளிக்கிழமை ஒரு காரியம் கீது, எல்லாரும் வெள்ளைல வருவோம்'னு சொல்லல?"

"காரியம்னுதான் சொன்னேன்!"

"காரியம்னா சாவுக் காரியம்தான சார்? நல்ல காரியம்னா நல்ல காரியம்னு சொல்லணும்ல? பாவம், துக்கத்துல கீறாங்களேன்னு என் கைக்காசுல மாலை வாங்கிப் போட்டேன். கறுப்பு கட்னா ரோட்ல வழி வுடுவாங்கன்னு கட்னேன்."

யாரோ சிரிக்கத் தொடங்கி அடக்கிக்கொண்டார்கள். தேவராஜ் அண்ணன் மாலையைப் பிய்த்தார். பாய் கறுப்புத் துணியை உருவிச் சுருட்டி ஜிப்பா பையில் திணித்துக்கொண்டு, "மன்ச்சிடுங்கம்மா" என்று ரங்கநாயகி அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அவர் காதில் எதுவும் விழவில்லை. படியில் நின்ற மலரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சேலை, பின்னால் வெள்ளையாய் ஒரு கூட்டம்.

"நான் ஏற மாட்டேன்" என்றார். "மூணு நாளா எம்புள்ள போன் இல்ல. அவன் பொண்டாட்டி வெள்ள கட்டிக்கினு, சாவு மால போட்ட வண்டில ஊர்கோலமா வந்துகீறா. நான் ஏற மாட்டேன்."

மலர் இறங்கிவிட்டாள். சீவரம் நனையாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள். "அத்தை, தெரியாம நடந்துபோச்சு அத்தை."

பாய் வானத்தைப் பார்த்தார். தேவராஜ் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். பந்தே காலையிலிருந்து எங்கள் சோற்றுக்குக் காத்திருக்கிறார்.

"நீ போ மலர்" என்றேன். "நான் இவங்க கூட இருக்கேன்."

"நீ வரலேன்னா எப்படிம்மா? நீ வந்ததே..."

"போ. நேரமாகுது."

"அத்தை, போகட்டுமா?"

ரங்கநாயகி அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மலர் அழுதுகொண்டே ஏறினாள். வண்டி போய்விட்டது. நான் எதற்காக ராத்திரியெல்லாம் ரயிலில் தூங்காமல் வந்தேனோ அது அந்த வண்டியில் போயிற்று. மனசுக்குள் சம்பந்தியம்மா மேல் எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஐந்து சீலம், அதாவது ஐந்து ஒழுக்க விரதம், எடுத்தவள்தான். இருந்தாலும் வந்தது.

டீக்கடைக் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். இரண்டு டீ வாங்கினேன். அங்கே டீயில் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிறார்கள். மசால்வடை சூடாக இருந்தது, வாங்கி அவர் கையில் வைத்தேன். பிய்த்தார், தின்னவில்லை. கடையில் இருந்தவர்கள் என் வெள்ளையைப் பார்த்துப் பெஞ்சில் இடம் விட்டார்கள். அதுவும் துக்க மரியாதைதான்.

பிய்த்த வடையைப் பார்த்துக்கொண்டே அவராகவே பேசினார்.

"குமாரு அப்பா போனப்போ நான் சின்ன வயசு. இவன் ஒன்னாவது படிச்சிக்கினு இருந்தான். பத்தாம் நாள் எங்க அண்ணனுங்க மூணு பேரும் ஆளுக்கொரு கோடி எடுத்தாந்தாங்க. எல்லாம் வெள்ளை. என்ன உக்கார வெச்சி, ஒன்னு மேல ஒன்னா என் தலை மேல போட்டாங்க. உள்ள இருட்டு. புதுத்துணி கஞ்சி வாசனை. மூச்சு முட்டிச்சி எனக்கு. எடுங்கடான்னு கத்தணும் போல இருந்துச்சி. கத்தல." டீ கிளாஸைக் கீழே வைத்தார். "காலைல இவ கதவத் தொறந்துகினு வந்தா பாரு. அதே கஞ்சி வாசனை. எனக்கு அப்டியே மூச்சு முட்டிட்ச்சி."

நான் அவரை ஒரு பழைய பஞ்சாங்கம் என்றுதான் மனசுக்குள் வைத்திருந்தேன். இதை நான் யோசிக்கவே இல்லை. என் வீட்டுக்காரர் போனபோது என் மேல் யாரும் எதையும் போடவில்லை. எங்கள் ஊரில் பந்தே ஒருவர் வந்து ஓதினார், அடுத்த பௌர்ணமிக்கு நானே பெட்டியைத் திறந்து வெள்ளையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். எனக்கு வெள்ளை நானே எடுத்தது. அவருக்கு அது மேலே வந்து விழுந்தது.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. "நான் போய் மலரக் கூட்டிட்டு வந்துடறேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். "மூணு பேரும் வீட்டுக்குப் போயிடலாம். அவ துணிய மாத்திக்கட்டும். குமார் போன் வர்ற வரைக்கும் சேர்ந்தே உட்கார்ந்திருப்போம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சாமி முன்னால உக்காந்தவள எழுப்பிக்கினு வருவியா? நல்லாகீது உன் நாயம்." அதுவரை 'நீங்க' என்றவர் அப்போதுதான் 'நீ'க்கு வந்தார். எழுந்து முந்தானையை உதறினார். "அவ்ளோ தூரத்துல இருந்து டீ குடிக்கவா வந்த? நட."

"நீங்க?"

"நான் வாசல்ல நின்னுக்கறேன்."

"போன்..."

"அது வர்றப்ப வரட்டும். பெருமாள் இருக்காரு. வா."

தெரு முழுக்கச் சேறு. சந்துகள் கையகலம். மழைத்தண்ணீருக்குக் கல் போட்டு வைத்திருந்தார்கள், அதன் மேல் கால் வைத்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தாண்டினோம். வழி கேட்ட இடத்தில் ஒரு பெண், "வெள்ளைக்காரங்க கூட்டமா? அதோ அந்த மாடி" என்று காட்டினாள். சம்பந்தியம்மா களுக்கென்று சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்.

கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் செருப்புக் குவியல். மேலே தகரக் கூரை, மழைச் சத்தம், ஊதுபத்தி வாசனை. பந்தே சாப்பிட்டு முடித்திருந்தார். சீவர தானமும் முடிந்துவிட்டது. மலர் தைத்த சீவரம் அவருக்கு முன்னால் தட்டில் இருந்தது. அவள் அதைக் கொடுத்த காட்சியை நான் பார்க்கவில்லை. இனி பார்க்கவும் முடியாது.

சம்பந்தியம்மா சொன்னபடி வாசலில் நின்றார். உள்ளே பார்த்துக்கொண்டே நின்றார். வரிசை வரிசையாக வெள்ளை. அந்த வெள்ளையில் குங்குமம் வைத்தவர்கள், வளையல் அடுக்கியவர்கள், வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி, புதுமணத் தம்பதி ஒன்று. ஒரு குழந்தை வெள்ளைப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடிவந்து சேலையைப் பிடித்துக்கொண்டது. அதன் தாய் நகர்ந்து, "உக்காருங்கம்மா" என்று இடம் விட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு உள்ளே வந்து மலருக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்தார். நான் மறுபக்கம். நடுவில் மலர், நிமிரவே இல்லை. அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

கடைசிச் சடங்கு நடந்தது. அன்று செய்த புண்ணியத்தை இறந்துபோனவர்களோடு பகிர்ந்துகொள்வோம். பந்தே பாலியில் ஓத ஓத, கெண்டியிலிருந்து தட்டில் தண்ணீரை வார்ப்பார்கள். "அவங்கவங்க வீட்ல போனவங்களை நினைச்சுக்குங்க" என்றார் தேவராஜ் அண்ணன். சம்பந்தியம்மா கெண்டி பக்கம் சாய்ந்து, "குமாரு அப்பா" என்று தண்ணீரிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். புருஷன் பேரைச் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

ஓதி முடிந்தது. எல்லோரும் கைகூப்பினோம். எங்கள் வழக்கப்படி மூன்று முறை "சாது" சொல்ல வேண்டும். நல்லது நடந்தது என்று பொருள்.

"சாது!"

"சாது!"

சம்பந்தியம்மாவின் மடியில் போன் அதிர்ந்தது. குனிந்து பார்த்தார். குமார் முகம்.

"சாது!" என்று நாங்கள் எல்லோரும் சொன்ன அதே நேரத்தில், தகரக் கூரை அதிர அவர் ஒரு குரல் கொடுத்தார்:

"கோவிந்தா!"

பந்தே திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவர் நாக்பூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் கொஞ்சம்தான் வரும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "அம்மா, பேசுங்க, பேசுங்க" என்று கை காட்டினார்.

"டேய்! எங்கடா போய்ட்ட? எங்கடா போய்ட்ட நீ?"

"யம்மா, நெட்டே இல்லம்மா. பாலைவனத்துக்குள்ள வேற கேம்ப்புக்குத் தூக்கினு போய்ட்டானுங்க. இப்பதான் டவர் கிட்ச்சிது..." பேசிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அம்மாவின் தோளுக்குப் பின்னால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வரிசையாக வெள்ளை, நடுவில் அழுதுகொண்டு அவர் பெண்டாட்டி, அவளும் வெள்ளையில்.

"யம்மா... இன்னாம்மா எல்லாம் வெள்ளையில கீறாங்க? மலரு ஏன் அழுவுறா? யாரும்மா...?"

போன் திரையில் அவர் முகம் நெருங்கி வந்தது.

சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனை உயர்த்திப் பிடித்து, மலரிடம் ஆரம்பித்து, ஒருவர் விடாமல், கடைசி வரிசைக் குழந்தை வரைக்கும் மெதுவாகத் திருப்பிக் காட்டினார்.

"யாரும் சாவலடா" என்றார். "இன்னிக்குப் பௌர்ணமி."